ஆள் வந்தாங்களா, அம்மணி?

சென்ற மாதம் பழைய அலுவலகத்திலிருந்து கார்த்திகா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். உலகத்து ஸ்மார்ட் சிட்டிகளை வரிசைப்படுத்தி ஓர் அறிக்கை தயார் செய்கிறார்களாம். ஐரோப்பா, கிழக்காசியா, வளைகுடா, ஆப்பிரிக்கா, நம்ம ஊர் என்று கட்டம் போட்டு மதிப்பெண் கொடுக்க வேண்டுமாம். "நீங்க எல்லாப் பக்கமும் போயிருக்கீங்க மேடம். எது பெஸ்ட்டுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றாள். இப்போதெல்லாம் நகரத்துக் கருவிகளைச் சோதிக்கவென்று யாரும் ஊர் ஊராகப் போவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, திரையைப் பார்த்தே முடித்துவிடுகிறார்கள்.

போத்தனூர் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். எழுத எழுத எரிச்சல்தான் வந்தது. ஊர் என்ன பத்தாம் வகுப்புப் பிள்ளையா, மார்க் போட? அதனால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பார்த்ததை எழுதுகிறேன். மதிப்பெண்ணைக் கார்த்திகாவே போட்டுக்கொள்ளட்டும்.

டிப்ளமோ முடித்த கையோடு பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே ஸ்டார்ட்டர் பெட்டிகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. பிறகு மொபைல் ஸ்டார்ட்டர் வந்தது. பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். அவிநாசியில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே காரமடைத் தோட்டத்து மோட்டாரைப் போன் போட்டு ஓட விடுவார்கள். பெட்டி திருப்பிக் கூப்பிட்டு, "மோட்டார் ஓடுகிறது" என்று சொல்லும். ஸ்மார்ட் என்ற பேச்சு அப்போது இந்தப் பக்கம் வந்திருக்கவில்லை. அந்தக் கம்பெனியிலிருந்து தெருவிளக்குப் பெட்டிகள், அங்கிருந்து நகரங்களுக்குக் கட்டுப்பாட்டு அறை அமைத்துத் தரும் நிறுவனம் என்று மாறினேன். அங்கேதான் நாச்சிமுத்து சாரிடம் வந்து சேர்ந்தேன்.

சார் சோதனைப் பிரிவின் தலைவர். ஒல்லியான ஆள். டிரைவரிலிருந்து அமைச்சர் வரை எல்லோருக்கும் ஒரே அளவில் 'ங்க' போட்டுப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் ஒரு 'ங்க' கூடும். அவ்வளவுதான். கட்டுப்பாட்டு அறைக்குள் போனால், சுவர் முழுக்க மின்னும் பெரிய திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். ஒப்பந்தக்காரர்களுக்கு அது பெரிய அவமானமாக இருக்கும். சார் கண்டுகொள்ள மாட்டார்.

ஏனென்றால் அவருடைய சோதனை அறைக்குள் நடக்காது, தெருவில்தான் நடக்கும். அதற்குக் 'கெடுத்துப் பார்க்கறது' என்று பெயர் வைத்திருந்தார். முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு விளக்கை அணைப்போம். ஒரு சென்சாரை மூடி வைப்போம். நீர்மட்டம் அளக்கும் கருவி என்றால் அதற்கென்று ஒரு பலகை உண்டு. அந்தக் கருவி தண்ணீருக்கு மேலே கம்பத்தில் தொங்கும். தனக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தூரம் என்று மேலிருந்து அளந்துகொண்டே இருக்கும். அதற்கு நேர் கீழே பலகையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால், வெள்ளம் ஏறுகிறது என்று நம்பிவிடும். சார் பலகையைப் பிடிப்பார். நான் ஜனங்கள் இருக்கும் தெருவில் நிற்பேன். எச்சரிக்கையைக் கேட்டு யாராவது உதவிக்கு வருகிறார்களா, வெளியேறுகிறார்களா என்று தெரிய, போனில் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆள் வந்தாங்களா, அம்மணி?"

நெதர்லாந்தில் ஒரு கால்வாய்க்கரை ஊரில் ஆள் வரவில்லை. குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு சார் குளிரில் பலகையோடு நின்றார். தெருவில் ஒரு சிப்பந்தியும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தத் தெருவில் இருந்தவர்களின் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. கடைக்காரப் பெண் போனைப் பார்த்தாள், கடையைச் சாத்தினாள், சைக்கிளை எடுத்தாள், போய்விட்டாள். அங்கே ஆளுக்கு ஒரு போன், அது அவரவர் பையில். வந்த செய்தியை நம்புகிறார்கள். அப்படி நம்புவதற்கு முன்னால் கூட்டம் போட்டு, கேமரா எதற்கு, கணக்கு எதற்கு என்று எங்களை வறுத்தெடுத்ததும் அதே ஜனங்கள்தான்.

கொரியாவில் ஆள் வந்தார். தலைக்கவசம் போட்ட ஒருவர் ஓடி வந்து, எங்களைக் காக்க வைத்ததற்காகக் குனிந்து வணங்கி, சுற்றிலும் கூம்புகளை வைத்தார். வைத்து முடித்தபின், நாங்கள் சென்சாரை மூடியதைக் கேமரா படம் பிடித்திருப்பதாகவும், நாங்கள் யார் என்று தெரிந்துகொள்ளலாமா என்றும் மிகப் பணிவாகக் கேட்டார். வளைகுடாவில் வந்தவர் பொள்ளாச்சிக்காரர். "ஏனுங்க, நம்மூருங்களா?" என்று ஆரம்பித்துவிட்டார். அங்கே எல்லாமே அடையாள அட்டையோடு கட்டப்பட்டிருந்தது. எச்சரிக்கை பல மொழிகளில் போகும். ஊரைப் பளபளப்பாக வைத்திருப்பவர்கள் யாரும் அந்த ஊர்க்காரர்கள் இல்லை என்பதால் அது தேவைதான்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மலைச்சரிவு ஊர். தக்காளி விற்கிறவளுக்கும் போனிலேயே பணம் வரும். நாம் அந்த வழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். ஆனால் சில வீடுகளுக்குச் சேர்த்து ஒரு போன்தான். அதனால் எச்சரிக்கையை எல்லோருக்கும் அனுப்பமாட்டார்கள். சந்துக்கு ஒரு பெண்மணி. அவளுக்கு மட்டும் போகும். அவள் விசிலை ஊதிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டுவாள். சார் அன்றைக்கு நெடுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, எங்கள் கோவையில் ஒரு குளத்துக்கு வெள்ள எச்சரிக்கை அமைக்கும் வேலை வந்தபோது, வடிவமைப்புப் பிரிவு நெதர்லாந்து வரைபடத்தைத்தான் எடுத்தது. கேட்டால், "அதுதான் சார் நம்பர் ஒன்" என்றார்கள்.

குளத்தின் பெயர் வேண்டாம். கரைமேல் நடைபாதை, வண்ண விளக்கு, செல்ஃபி எடுக்க எழுத்துப் பலகை எல்லாம் வந்துவிட்டிருந்தன. கரைக்குப் பின்னால், உபரித் தண்ணீர் ஓடும் வாய்க்காலை ஒட்டி ஒரு குடியிருப்பு. முன்பு தோட்ட வேலைக்குப் போன குடும்பங்கள். இப்போது பெயிண்ட் வேலை, ஆட்டோ, திருப்பூர் பனியன் கம்பெனி என்று பிரிந்திருக்கிறார்கள். மேற்கே மலையில் கனமழை பிடித்துக் குளம் நிறைந்தால் தண்ணீர் முதலில் போவது அவர்கள் வீட்டுக்குள்தான். நடைபாதைக்குக் கீழே ஜனங்கள் இருக்கிறார்கள் என்பது செல்ஃபி எடுப்பவர்கள் பலருக்குத் தெரியாது.

சோதனைக்கு ஒரு புதன்கிழமை முற்பகலைத் தேர்ந்தெடுத்தோம். சார் மதகருகே பலகையோடு நின்றார். நான் சந்துக்குள் நின்றேன். எச்சரிக்கை வந்ததும் எல்லோரும் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும். அப்படித்தான் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். 'சரிங்க, வந்தர்றமுங்க' என்று எல்லோரும் தலையாட்டியிருந்தார்கள்.

சார் பலகையை உயர்த்தினார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். "மேடம், எல்லா வீட்டுக்கும் மெசேஜ் போயிருச்சு. எல்லாமே பச்சை."

சந்தில் ஒருத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அசையவில்லை.

"ஆள் வந்தாங்களா, அம்மணி?"

"ஒருத்தரும் வரலீங்க சார்."

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் பெயர் எஸ்தர். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் புருஷன் தேவராஜ் உட்கார்ந்திருந்தார். வார்ப்பட ஆலையில் மூட்டை தூக்கியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆள் நல்ல கனம்.

"ஏனுங்க எஸ்தர், மெசேஜ் வரலீங்களா?" என்றேன்.

"இல்லீங்களே அக்கா. என்ற போனுக்கு ஒண்ணும் வரலீங்களே."

"எந்த நம்பர் குடுத்தீங்க?"

"சாமுவேல் நம்பருங்க. என்ற பையன். இதுக்கெல்லாம் அவன்தானுங்க பேசுவான். எனக்கு என்னங்க தெரியும்?"

"அவரு எங்கீங்க?"

"திருப்பூர்ல கம்பெனில இருக்கறானுங்க. ஞாயித்துக்கிழமை வருவான்."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நம் பக்கத்தில் ரேஷன் கார்டோ, கேஸ் சிலிண்டரோ, ஆஸ்பத்திரியோ, எதற்குக் கேட்டாலும் குடும்பத்தில் 'பேசத் தெரிந்த' ஒருவரின் நம்பரைத்தான் கொடுப்போம். என் வீட்டுக் கேஸ் இணைப்பே இன்றுவரை என் தம்பி நம்பரில்தான் இருக்கிறது. குளத்துத் தண்ணீர் சந்துக்குள் வரப்போகும் செய்தி, அந்தச் சந்துக்குத் தவிர எல்லா ஊருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது.

திருப்பூரில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். டீ இடைவேளையில்தான் கைக்கு வரும். அந்த நேரம் வந்ததும் சந்து முழுக்கப் போன் மணி அடிக்க ஆரம்பித்தது. "எங்கம்மா இருக்கற?" "தண்ணி வந்துருச்சா?" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி. தாய்மார்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன தண்ணி? காலைலயே பைப்புல வந்து நின்னுருச்சே" என்றாள் ஒருத்தி. சாமுவேல் மட்டும் கூப்பிடவே இல்லை. எஸ்தர் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

அவன் பைக்கில் வந்துகொண்டிருந்தான். அவிநாசி வழியாக எப்படி ஓட்டி வந்தான் என்பது அவனுக்கே தெரியாது. சந்தில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தவன், அப்பா வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சோதனைன்னு மெசேஜ்லயே போட்டிருந்துதுங்க தம்பி" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"கடைசி வரில போட்டிருக்கீங்க. தண்ணி வருதுன்னு படிச்சதுக்கப்புறம் கடைசி வரிய எவனுங்க படிப்பான்?"

அதுவரை மதகருகே கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சார், பலகையைக் கையில் பிடித்தபடியே கரையிலிருந்து இறங்கி வந்தார். சாமுவேல் எழுந்தான். அடித்துவிடுவானோ என்று பயந்தேன். அவன் அப்பாவைக் காட்டினான்.

"அம்மா ஒருத்தியால இவரைத் தூக்க முடியாதுங்க. நாலு ஆம்பளை வேணும். நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கற அளவுக்கு முன்னால சொன்னாப் போதுங்க. வேற ஒண்ணும் கேக்கல. ஆனா எங்கிட்டச் சொல்லாதீங்க. நான் அங்க இருந்துட்டு என்னங்க பண்ணுவேன்?"

"தப்பு எங்களோடதுங்க தம்பி" என்றார் சார்.

மறுநாள் திட்ட அதிகாரி எங்களை வரச் சொன்னார். திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. சாரின் கையெழுத்து மட்டும் பாக்கி.

"நூறு சதவீதம் டெலிவரி ஆகியிருக்கே, இன்னும் என்ன?" என்றார்.

சார் அவர் கொடுத்த டீயைக் குடித்து முடித்தார். "மெசேஜ் போய்ச் சேந்துருச்சுங்க. ஆள் வெளிய வரலீங்களே. அப்பறம் எதுக்குங்க கையெழுத்துப் போடறதுங்க?" என்றார். 'ங்க' கூடியதிலிருந்து கோபம் எனக்குத் தெரிந்தது, அதிகாரிக்குத் தெரியவில்லை. எங்கள் நிறுவனத்திலிருந்தும் நெருக்கினார்கள். சார் அசையவில்லை. ஐப்பசி மழைக்குள் சரிசெய்து தருகிறோம் என்ற ஒப்புதலோடு எழுந்து வந்தோம். அந்த விழா தள்ளிப்போனது.

பகலில் வீட்டில் இருப்பவரின் நம்பரை வாங்கினோம். பெரும்பாலும் பட்டன் போன். மெசேஜ் பெட்டி விளம்பரங்களால் நிரம்பி வழிந்தது. அதை யாரும் திறப்பதே இல்லை. சைரன் வைக்கலாம் என்றால் பக்கத்து மில் சங்கு தினமும் ஊதுகிறது, இதையும் அதுவென்றே நினைப்பார்கள். ஆப்பிரிக்காவில் பார்த்ததுபோல் சந்துக்கு ஒருத்தியை வைக்கலாமா என்று கேட்டோம். கடை, ஆஸ்பத்திரி என்று எங்கும் போகாமல் ஒருத்தியே தினமும் எப்படிச் சந்துக்குள்ளேயே இருப்பது என்று அவர்கள் கேட்டதும் அதை விட்டுவிட்டோம். கடைசியில் மோட்டார் பெட்டிபோல் போன் போட்டுக் குரலில் சொல்வது என்று முடிவானது. நம் ஊர்ப் பேச்சிலேயே இருக்கட்டும் என்று சாரே பேசிப் பதிவு செய்தார். "வணக்கமுங்க. குளத்துல தண்ணி ஏறீட்டு வருதுங்க. தயவுபண்ணி எல்லாரும் மண்டபத்துக்கு வந்துருங்க" என்று பதமாகச் சொல்லியிருந்தார். எங்களுக்கெல்லாம் ரொம்பத் திருப்தி.

இரண்டாவது சோதனை. சார் பலகையை உயர்த்தினார். சந்தில் எல்லாப் போனும் அடித்தது. எல்லோரும் எடுத்தார்கள். எடுத்த வேகத்தில் வைத்தார்கள்.

"ஏனுங்க எஸ்தர், ஏன் வெச்சுட்டீங்க?"

"லோன் வேணுமான்னு தெனமும் ஒருத்தரு கூப்பிடுவாருங்க அக்கா. அவருன்னு நெனச்சுப்போட்டேன். வணக்கமுங்கன்னாலே அவருதானுங்க."

சாரிடம் இதைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன். அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. மாலையில் கிளம்பும்போது மட்டும், "என்ற குரல் அப்புடியா அம்மணி இருக்குது?" என்று கேட்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

வழியைச் சொன்னது எஸ்தர்தான். வழி சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. எங்களைத் திட்டும்போது சொன்னாள். "சாமு கூப்பிட்டு, வெளிய வான்னிருந்தா நான் எந்திரிச்சு ஓடியிருப்பனுங்க. நீங்க கூப்பிட்டா எனக்கென்னங்க தெரியுது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தந்த வீட்டுப் பிள்ளையின் குரல். எதை எழுதிக் கொடுத்தாலும் அவர்கள் படிக்கவில்லை. தங்கள் பாட்டுக்குத்தான் பேசினார்கள். ஒரு பெண், "அம்மா, சீரியலை அமத்திப்போட்டு எந்திரி மொதல்ல" என்று அதட்டினாள். சாமுவேல் இருமுறை பாதியில் நிறுத்திவிட்டான். பிறகு ஒரே மூச்சில் சொன்னான்: "அம்மா, தண்ணி வருதும்மா. பக்கத்தூட்டுச் செல்வண்ணனைக் கூப்பிடு. அப்பாவை நாக்காலியோடயே தூக்கச் சொல்லு. மாத்திரையை எடுத்துக்க. நில்லாத, கெளம்பு." எங்கள் கருவியின் நம்பரைத் தாய்மார்களின் போனில் பிள்ளைகளின் பெயரிலேயே பதிந்து கொடுத்தோம். இது பதிவு செய்த குரல்தான், பையன் நேரில் பேசுவதில்லை என்று வீடு வீடாகச் சொன்னோம். "தெரியுமுங்க" என்றாள் எஸ்தர்.

அதிகாரிக்கு இது கேலிக்கூத்தாகத் தெரிந்தது. "உலகத்துல எந்த ஊர்லங்க இந்த மாதிரி இருக்கு?" என்றார். "எங்கயும் இல்லீங்க" என்று சார் ஒத்துக்கொண்டார். ஆனால் மூன்றாவது சோதனையில் சந்தே காலியானது. தேவராஜை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். நான் போனில், "வந்துட்டாங்க சார்" என்றேன். அந்தப் பக்கம் பலகை தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அன்றே கையெழுத்துப் போட்டார். அது அவருடைய கடைசிக் கையெழுத்து. மாதக் கடைசியில் ஓய்வு பெற்றுக் காரமடைக்குப் போய்விட்டார்.

மழை ஐப்பசியில் வந்தது. மலையில் இரவெல்லாம் பிடித்து, மதியம் குளத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. அறையில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போய்விட்டேன். இந்த முறை பலகை இல்லை. சோதனையில் ஓடியவர்கள் நிஜத்தில் ஓடுவார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

போன்கள் அடித்தன. எஸ்தர் அடுப்படியிலிருந்து வந்து எடுத்தாள். வாசலில் நின்ற என்னைக் கவனிக்கவில்லை.

"சொல்லு கண்ணு... ம்... சரி, செல்வத்தைக் கூப்பிடறேன்... எடுத்துக்கறேன்... சரி கண்ணு, வாரேன், வாரேன். நீ சாப்பிட்டயா?"

பதிவு முடிந்துவிட்டது. போனை ஒருமுறை பார்த்தாள். "வெச்சுப்போட்டான்" என்று முணுமுணுத்துவிட்டு, செல்வத்தைக் கூப்பிட்டபடி தெருவுக்கு ஓடினாள். நாலு பேர் வந்தார்கள். தேவராஜ் தலைக்கு ஒருவர் குடை பிடித்தார். நாங்கள் மண்டபப் படியேறும்போது சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். திரும்பிப் பார்த்தால் அவள் வீட்டு நிலைப்படி தெரியவில்லை.

புருஷனுக்குத் தலை துவட்டிவிட்டு, பாயை விரித்துப் படுக்க வைத்தபின் என்னிடம் வந்தாள். "அக்கா, அவனுக்கு ஒரு போனைப் போட்டு, அப்பன் வந்துட்டாருன்னு சொல்லிப்போடுங்க. பயந்துட்டிருப்பான்."

திருப்பூர்க் கம்பெனி அலுவலகத்துக்குப் பேசினேன். ஆளனுப்பி அவனைக் கூட்டி வந்தார்கள். பின்னால் தையல் மெஷின் சத்தம்.

"சாமுவேல், நீங்க கூப்பிட்டதும் அம்மா கெளம்பீட்டாங்க."

"நான் கூப்பிடலீங்களே மேடம்" என்றான். அப்புறம் அவசரமாக, "அப்பா?"

"மண்டபத்துல படுத்திருக்காருங்க. நல்லா இருக்காரு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அம்மா என்னங்க சொன்னாங்க?"

"நீ சாப்பிட்டயான்னு கேட்டாங்க. அதுக்குள்ள கட்டாயிருச்சுங்க."

"இன்னும் இல்லீங்க மேடம்" என்றான். "இப்பச் சாப்பிடப் போறான்னு சொல்லீருங்க."